நீலப் புலிக்குச் சளி பிடித்த வாரம்

முதலில் அந்த இரண்டு மலைகளையும் அழித்துவிடுங்கள். நடுவில் எட்டிப் பார்க்கிற சூரியனையும் சேர்த்து அழியுங்கள்.

எந்தப் பாலர் பள்ளிக்குள் நுழைந்தாலும் பிள்ளைகளின் பட நோட்டில் இதுதான் இருக்கிறது. இரண்டு மலை, ஒரு சூரியன், மலையிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஆற்றங்கரையில் ஒரு தென்னை, பக்கத்தில் ஓட்டு வீடு. கோவில்பட்டிப் பிள்ளை ஆற்றை எங்கே கண்டது? அதற்குத் தெரிந்த தண்ணீர் தெருக்குழாயில் வருவது, அதுவும் வந்தால்தான். மலை என்று பார்த்தால் கழுகுமலையில் ஒன்று இருக்கிறது. அதையும் மொட்டை போட்ட நாளில் அழுதுகொண்டே பார்த்திருக்கும். ஆனாலும் நோட்டுக்கு நோட்டு இரண்டு மலை. காரணம் நாம்தான். நம் டீச்சர் நமக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டினார், நாம் நம் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டுகிறோம். அந்த ஆறு மட்டும் வற்றாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்தவர்கள். நான் ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருப்பவள். தினமும் பிள்ளைகளை என்ன வரையச் சொல்வது, கீழே என்ன எழுதுவது, ஏதாவது ஐடியா இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். கேட்டுவிட்டீர்கள், இனி நான் நிறுத்த மாட்டேன்.

‘என் குடும்பம்’, ‘என் பள்ளி’, ‘எனக்குப் பிடித்த பழம்’ எல்லாம் இரண்டு நாளைக்கு ஓடும். மூன்றாம் நாள் பிள்ளைக்கும் அலுத்துவிடும், உங்களுக்கும் அலுத்துவிடும். பிடித்த பழம் என்றால் வகுப்பு முழுக்க ஆப்பிள்தான் வரும், வீட்டில் சாப்பிடுவது என்னவோ வாழைப்பழமாக இருக்கும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். உங்கள் வீட்டு ஃபேன் ஏன் இப்படிக் கத்துகிறது, அதற்கு யார்மேல் கோபம்? தொலைந்துபோன ஒற்றைச் செருப்பு இப்போது யார் வீட்டில் இருக்கிறது? கடலைமிட்டாய்க்குப் பல்வலி வந்தால் எந்த டாக்டரிடம் போகும்? டவுன் பஸ்ஸில் யானை ஏறினால் கண்டக்டர் அதற்கு அரை டிக்கெட் கொடுப்பாரா, முழு டிக்கெட்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு என் வகுப்பில் சண்டையே வந்தது. குட்டி யானையாக இருந்தால் டிக்கெட் கிடையாது என்று ஒரு பையன் அழுது தீர்ப்பு வாங்கினான்.

பெற்றோரிடமும் முதல் நாளே ஒன்றைச் சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டுக்கு ஒரு ஆள்தான் வரையலாம். தீப்பெட்டி லேபிள் அச்சடிக்கிற பிரஸ்ஸில் வேலை பார்த்த ஓர் அப்பா, மகன் வரைந்த கோழியைப் பார்த்து மனம் தாங்காமல் அதற்குச் சிவப்பில் ஒரு பார்டர் கட்டினார். பிறகு நாலு மூலையிலும் நட்சத்திரம் வைத்தார். கை நிற்கவில்லை போலிருக்கிறது, கீழே ‘50 குச்சிகள்’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அழகாகத்தான் இருந்தது. பையன் மட்டும் அதைத் தன் கோழி இல்லை என்று சொல்லிவிட்டான்.

அடுத்தது எழுத்து. மூன்று வயது, நாலு வயதுப் பிள்ளைக்கு எழுத வராது. அது சொல்லும், நீங்கள் படத்துக்குக் கீழே எழுத வேண்டும். சொன்னதைச் சொன்ன மாதிரியே எழுதுங்கள். இலக்கணம் பார்க்காதீர்கள், உண்மையா என்று பார்க்காதீர்கள், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்றும் பார்க்காதீர்கள். பிள்ளை நிறுத்தினால் ‘அப்புறம்?’ என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம். இந்த ‘அப்புறம்?’ எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்குத்தான் இந்தப் புலிக்கதை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால் நடந்தது. கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற வழியில் ஒரு ஊரில் எங்கள் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவார்கள், மீதிப் பேர் காட்டு வேலைக்கு. எங்கள் பக்கம் புஞ்சை நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம். அப்போது மார்கழி கடைசி. கரிசலில் உளுந்து நெற்று கறுத்து, பிடுங்கத் தயாராக நின்ற நேரம்.

எங்கள் வகுப்பில் சஷ்டிகா என்று ஒரு சிறுமி. நாலு வயது. அன்றைக்கு நான் ஐடியா எதுவும் கொடுக்கவில்லை, இஷ்டம்போல் வரையச் சொன்னேன். சஷ்டிகா நாலு கால் வரைந்தாள். ஒரு பெரிய தலை வரைந்தாள். உடம்பு முழுக்கக் கோடு கோடாக இழுத்தாள். எல்லாம் நீல நிறம். ஆரஞ்சு க்ரேயானை ஒரு பையன் பாதிக்கு மேல் தின்றுவிட்டிருந்தான், அதனால் நீலம். எனக்குப் பார்க்கத் தையல் மிஷின் மாதிரி இருந்தது. இது என்ன என்று கேட்காமல், சொல்லு என்று பேனாவை எடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்: ‘சீனித் தாத்தா உளுந்துக் காட்டுல புலி நிக்கி. அது ரொம்பக் கோவமா இருக்கு. ஆளு வந்தா கடிச்சுரும்.’

புலியை எங்கே பார்த்தாள் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளையிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. வீட்டு அடுப்படியில் தீப்பெட்டி மேலேயே புலி உட்கார்ந்திருக்கும்.

என்னோடு அப்போது ஒரு டீச்சர் வேலை பார்த்தார், உங்களைப் போலவே புதிது. தினமும் சாயங்காலம் நல்ல படங்களைப் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது அவர் பொறுப்பு. வழக்கம்போலப் போட்டார். பெற்றோர் குரூப்பிலிருந்து அது ஊர்க் குரூப்புக்குப் போனது. அங்கே யாரோ ஒரு புத்திசாலி, படம் புலி மாதிரி இல்லை என்று படத்தை வெட்டி எறிந்துவிட்டு, என் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே இன்டர்நெட்டிலிருந்து ஒரு நிஜப் புலியைச் சேர்த்து அனுப்பினார். அந்தப் புலி கணுக்கால் அளவு பனிக்கட்டியில் நின்றுகொண்டிருந்தது. நம் ஊரில் ஏது இவ்வளவு பனி என்று ஒருவர் கேட்க, மார்கழி மாசம்லா என்று இன்னொருவர் பதில் போட, எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஊர் நம்பியது படத்தை அல்ல, கையெழுத்தை. டீச்சரே கைப்பட எழுதியிருக்கிறார் என்பதுதான் பேச்சு. நம் கையெழுத்துக்கு அவ்வளவு மரியாதை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சந்தோஷப்படுகிற நிலைமையில்தான் நான் இல்லை.

மறுநாள் விடியற்காலை சீனி அண்ணாச்சியின் காட்டுக்கு ஒரு பெண்ணும் போகவில்லை. சீனி அண்ணாச்சி எங்கள் ஊர் சம்சாரி, அதாவது விவசாயி. கண்மாய்க்கு அந்தப் பக்கம் அவருக்குப் புஞ்சை. வாய் கொஞ்சம் நீளமே தவிர, கூலியை இழுத்தடிக்காத மனிதர். உளுந்தை வெயில் ஏறுவதற்குள் பிடுங்க வேண்டும், ஏறிவிட்டால் நெற்று வெடித்து மணியெல்லாம் மண்ணோடு போய்விடும். மெஷின் வைத்து அறுத்தால் பாதி தரையிலேயே கிடக்கும் என்பது அவர் கட்சி. அதனால் ஆட்கள்தான், அதுவும் இருட்டிலேயே வர வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் வேறு மேகம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் மழை விழுந்தால் உளுந்து செடியிலேயே முளைத்துவிடும். வருஷம் முழுக்கப் பட்ட பாடு வடைக்குக்கூட ஆகாது.

ஆள் சேர்ப்பது மாரித்தாய். அவள் நடந்தால் தெருவே பின்னால் நடக்கும், அவள் நின்றால் ஒருத்தியும் நகர மாட்டாள். மாரித்தாய் யார் என்றால், சஷ்டிகாவின் அம்மா.

அண்ணாச்சி பள்ளிக்கு வந்தார். அவருக்குக் கோபம் வந்தால் வீட்டில் பேசுகிற தெலுங்கு வந்துவிடும். அன்றைக்கு வெகுநேரம் தெலுங்கிலேயே பேசினார். எனக்கு அது புரியாமல் இருந்தது இரண்டு பேருக்குமே நல்லதாகப் போயிற்று. அவருக்குப் பின்னாலேயே வனத்துறையிலிருந்து ஒரு காவலர் வந்தார், பாவம், வயதானவர். காட்டையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நாய்த் தடம் இருக்கிறது, பன்றித் தடம் இருக்கிறது, புலி இந்தப் பக்கம் வர வழியே இல்லை என்றார். இருந்தாலும் முறைப்படி விசாரிக்க வேண்டுமாம். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சஷ்டிகாவிடம் புலி என்ன உயரம் என்று கேட்டார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, டீச்சரைவிடப் பெரிசு, ஆனால் இவ்வளவு குண்டு இல்லை என்றாள். என்ன நிறம் என்றார். நீலம் என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சு க்ரேயானைத் தின்ற பையனைப் பார்த்தேன்.

காவலர் ஊர் மந்தைப் பொட்டலில் நின்று புலி இல்லை என்று சத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் நம்பவில்லை. இருக்கிறது என்று டீச்சர் எழுதியிருக்க, இல்லை என்று இவர் வாயால்தானே சொல்கிறார்.

நான் மாரித்தாயின் வீட்டுக்கே போய்ப் பேசினேன். பிள்ளை கற்பனையில் சொன்னது, அதை எழுதி வைப்பது எங்கள் பாடமுறை என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு சொன்னாள்: “எம்பிள்ளை பொய் சொல்லாது டீச்சர். நீங்களும் பொய் எழுத மாட்டீங்க. ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொன்ன பொறகு நான் எப்படிக் காட்டுக்குப் போவேன்?”

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். நான் வந்த வழியே திரும்பினேன்.

பள்ளியில் அண்ணாச்சி காத்திருந்தார். இப்போது தமிழுக்கு வந்திருந்தார், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. “நீங்க எழுதினதுக்கு நீங்களே பதில் எழுதணும் டீச்சர். புலி இல்லன்னு ஒரு வரி. கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் கேக்குதேன்.” எங்கள் தாளாளரும் அவர் பக்கம். எழுதிக் கொடுத்துவிடுங்கள், இனிமேல் இந்தப் பட நோட்டே வேண்டாம், கலர் அடிக்கிற அச்சுத்தாள் கொடுத்தால் வம்பில்லை என்றார். படத்தைக் குரூப்பில் போட்ட புது டீச்சர் ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்.

நியாயமாகப் பார்த்தால் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு மனிதரின் வெள்ளாமை நிற்கிறது, மேகம் ஏறுகிறது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அந்த வரியை நான் எழுதினால் அதற்கு ஊரில் ஒரே அர்த்தம்தான், சஷ்டிகா பொய் சொன்னாள். அதை அவள் அம்மாவுக்கு நானே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன். அப்புறம் அந்தப் பிள்ளை என் முன்னால் வாயைத் திறக்குமா? பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிற மற்றப் பிள்ளைகள்தான் திறக்குமா? எல்லாம் ஒழுங்காக இரண்டு மலையும் ஒரு சூரியனும் வரையத் தொடங்கிவிடும். எனக்கு உளுந்தும் வேண்டும், பிள்ளையும் வேண்டும். புலியை வரச் சொன்னவள்தான் போகவும் சொல்ல வேண்டும், வேறு வழியில்லை என்று பட்டது. பேனாவை மூடினேன். கொஞ்சம் பொறுங்கள், புலியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத முடியாது.

மறுநாள் சஷ்டிகாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம், என்று கேட்டேன். அவள் மறுபடி நீல க்ரேயானை எடுத்தாள். இந்த முறை தையல் மிஷின் மல்லாந்து கிடந்தது. ‘புலி தூங்குது. யாரும் சத்தம் போடக் கூடாது.’ எழுதினேன். சாயங்காலம் அது குரூப்பில் போனது, ஏனென்றால் இப்போது போடாவிட்டால்தான் கலவரம். புலி அங்கேயேதான் இருக்கிறது, தூங்குகிறது என்று ஊருக்குத் தெரிந்தது. கண்மாய்ப் பக்கம் பாட்டு வைக்கிற டீக்கடைக்காரரிடம் போய், சத்தத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு மறுநாள் புலி எழுந்து இட்லி தின்றது. சட்னி பிடிக்கவில்லை. அண்ணாச்சி காலையில் வந்து கேட் பக்கமே நின்று, புலி என்ன செய்கிறது என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். இட்லி என்றேன். தலையில் அடித்துக்கொண்டு போனார்.

அதற்கும் மறுநாள் புலிக்குச் சளி பிடித்துவிட்டது. ‘பனில நின்னுச்சுல்லா, அதான்’ என்று சஷ்டிகா சொல்ல, அதையும் எழுதினேன். குரூப்பில் வைத்தியம் குவிந்தது. ஒருவர் கற்பூரவல்லி என்றார், ஒருவர் ஆவி பிடிக்கச் சொன்னார், யார் பிடித்து வைப்பது என்று இன்னொருவர் கேட்டார். மேகம் அதற்குள் நம் தலைக்கு மேலேயே வந்து நின்றது. சாயங்காலம் பள்ளி விடுகிற நேரத்தில் அண்ணாச்சி மறுபடி வந்தார். அன்றைக்கு முகத்தில் கேலி இல்லை. மனிதர் நாலு நாளில் வாடிப்போயிருந்தார். தாழ்ந்த குரலில் கேட்டார்: “சளி கொறைஞ்சிருக்கா டீச்சர்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எழுதிக் கொடுத்துவிடலாமா என்று அப்போதும் ஒரு தரம் நினைத்தேன். ஆனால் அந்த நாலு நாளில் நான் வேறொன்றைப் பார்த்திருந்தேன். அறுப்புக் காலங்களில் சஷ்டிகா பக்கத்து வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தலை ஒரு பக்கம் வாரியும் ஒரு பக்கம் வாராமலும்தான் வருவாள். இப்போது நாலு நாளாக இரட்டைச் சடை, ரிப்பன், பொட்டு, முகத்தில் பவுடர் அப்பிக் கிடந்தது. அம்மா கையைப் பிடித்து, ஊர்வலம் மாதிரி வந்தாள்.

நாளைக்கு நீங்களே வந்து புலியைப் பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள், ஆனால் இல்லை என்று மட்டும் சொல்லக் கூடாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். சரி என்றார். வேறு வழியில்லாத மனிதர்கள் எவ்வளவு நல்லவர்களாகிவிடுகிறார்கள் பாருங்கள்.

வந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பிள்ளைகள் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியில் கஷ்டப்பட்டு உட்கார்ந்தார். சஷ்டிகா பாயில் நோட்டை விரித்திருந்தாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் அவரவர் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“தாயி, சளி கேட்டதும் புலி போயிருமா?” என்று கேட்டார்.

“போகாது.”

“ஏன் போகாது?”

சஷ்டிகா அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். இதுகூடத் தெரியாமலா இவ்வளவு பெரிய மீசை வைத்திருக்கிறார் என்கிற மாதிரி. “புலி போயிட்டுன்னா எங்கம்மா இருட்டுலயே உங்க காட்டுக்குப் போயிருவா. எனக்கு யாரு தல சீவுவா?”

எத்தனையோ வருஷமாக அவர் காட்டில் பெண்கள் இருட்டில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் வீட்டில் யாருக்கு யார் தலை சீவுகிறார்கள் என்பது அவர் மனதில் ஒரு நாளும் வந்ததில்லை. அது அவர் முகத்திலேயே தெரிந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும்தான் அதுவரை தோன்றியதில்லை. இந்த இடத்தில் டீச்சர் வேலை என்ன தெரியுமா? வாயை மூடிக்கொண்டு இருப்பது. அறிவுரை நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அண்ணாச்சி நாற்காலியோடு கொஞ்சம் முன்னால் நகர்ந்தார். பிறகு ஒரு பெரிய மனிதரிடம் பேரம் பேசுகிற குரலில் சொன்னார்: “அம்மா இருட்டுல காட்டுக்கு வரட்டும். பள்ளிக்கூட மணி அடிக்க முன்னாடி நானே டிராக்டர்ல கொண்டாந்து இங்கன எறக்கி விடுதேன். உனக்குத் தல சீவி, உள்ள விட்டுட்டு அப்புறம் வரட்டும். புலிக்குச் சம்மதமான்னு கேளு.”

சஷ்டிகா குனிந்து நோட்டோடு வாயை வைத்து ஏதோ கேட்டாள். நிமிர்ந்தாள். “எங்கம்மா மட்டுமா, எல்லா அம்மாவுமான்னு புலி கேக்கு.”

அண்ணாச்சி சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். ஒன்றும் கண் இமைக்கவில்லை. எல்லா அம்மாவும்தான் என்றார்.

அவள் நீல க்ரேயானை எடுத்தாள். பெட்டி பெட்டியாக, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை வரைந்தாள். கடைசிப் பெட்டியில் நாலு கோடு இழுத்தாள். நான் பேனாவை எடுத்தேன். ‘புலி ரயிலேறிப் போயிட்டு.’ அப்புறம், என்றேன். ‘சன்னல் சீட்டு.’ அப்புறம்? ‘தின்னவேலிப் பக்கம் போற ரயிலு. டாட்டா காமிச்சிட்டு.’ அவ்வளவுதான் என்று நோட்டை மூடிவிட்டாள். அண்ணாச்சி நன்றி சொல்ல எழுந்தார், நாற்காலியும் அவரோடு சேர்ந்தே எழுந்தது. பிள்ளைகள் இரண்டு பேர் பின்னாலிருந்து இழுத்துப் பிடுங்கினார்கள்.

சாயங்காலம் படம் குரூப்பில் போனது. நாலு நாளாக வனத்துறை சொல்லியும் கேட்காத ஊர், ஒரே நிமிஷத்தில் நிம்மதிப் பெருமூச்சு விட்டது. புலி போய்விட்டது, டீச்சர் எழுதிவிட்டார். சன்னல் சீட்டு என்கிற விவரம் எல்லாருக்கும் முழு நம்பிக்கையைக் கொடுத்ததாகப் பின்னால் சொன்னார்கள். ஒரே ஒரு சங்கடம், திருநெல்வேலி வழியில் கடம்பூர் ஸ்டேஷன் வருகிறது, போளிக்குப் பேர்போன ஊர். அங்கே சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் பதறிப்போனார்கள். போளி வாங்க இறங்கியிருக்குமோ என்று ஒருவர் எனக்கு நேரடியாகவே போன் செய்தார். மறுநாள் சஷ்டிகாவிடம் விசாரித்து, புலி அங்கே தூங்கிவிட்டது, இறங்கவில்லை என்று இன்னொரு பக்கம் போட வேண்டியதாயிற்று.

மாரித்தாய் தெருவைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போனாள். அண்ணாச்சியும் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் டிராக்டர் வந்து கேட்டில் நிற்கும். அம்மாக்கள் காலெல்லாம் கரிசல் மண்ணோடு குதித்து இறங்குவார்கள். பள்ளி வாசலிலேயே சீப்பு, ரிப்பன், எண்ணெய், அதட்டல் எல்லாம் நடக்கும். ஏட்டி நேரா நில்லு, ஏலே ஆடாத என்று ஒரே சத்தம். தாளாளர் முதல் நாள் முகத்தைச் சுளித்தார், இரண்டாம் நாள் கண்ணாடி ஒன்று மாட்டிக் கொடுத்தார். அண்ணாச்சி டிராக்டரை விட்டு இறங்காமல், நேரமாகிறது நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, ஒருத்தியையும் அவசரப்படுத்தாமல் உட்கார்ந்திருப்பார்.

உளுந்தை அடித்துத் தூற்றி மூட்டை கட்டி உள்ளே அடுக்கின மறுநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அப்படியொரு மழை. வகுப்புக் கூரைத் தகரத்தில் விழுந்த சத்தத்தில் பிள்ளைகள் கத்தியது எனக்கே கேட்கவில்லை. நான் உட்கார்ந்து நிம்மதியாக அழுதேன். புது டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எனவே ஐடியா கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிள்ளை சொல்வதைத் திருத்திவிட்டால் உங்களுக்கு ஒரு சரியான வாக்கியம் கிடைக்கும். பொறுத்திருந்து கேட்டால் அது எதற்காகச் சொல்கிறது என்பது கிடைக்கும். எது வேண்டும் என்பதை அவசரத்தில் முடிவு செய்யாதீர்கள். குரூப்பில் படம் போடும்போது மட்டும், இது படம், இது பிள்ளை சொன்ன கதை என்று மேலே பெரிதாக எழுதிப் போடுங்கள். என்ன எழுதினாலும் வெட்டுகிறவர்கள் வெட்டத்தான் செய்வார்கள், நம் மனசாட்சிக்காக.

அடுத்த மார்கழிக்குள் சஷ்டிகா வளர்ந்துவிட்டாள். ஒன்றாம் வகுப்புக்குப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடம். ரோட்டில் என்னைப் பார்த்தபோது புலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அது சும்மா படம் டீச்சர், நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போது வரைஞ்சது என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது.

அந்த வருஷமும் உளுந்து விளைந்தது. அறுப்பு தொடங்கிய முதல் நாள், யாரும் கேட்காமலே டிராக்டர் வந்து எங்கள் கேட்டில் ஒரு தரம் நின்றது, பெரிய பள்ளிக்கூடத்து வாசலில் போய் இன்னொரு தரம் நின்றது. நான் நடந்து போய் அண்ணாச்சியிடம் கேட்டேன். புலிதான் போய்விட்டதே, புலியே கிடையாது என்று அந்தப் பிள்ளையே சொல்கிறதே, இன்னும் எதற்கு இந்த டீசல் செலவு?

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த மாரித்தாயை ஒரு தரம் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

“இல்லன்னு அந்தப் பிள்ளை சொல்லுது. நமக்கு எதுக்கு டீச்சர் ரிஸ்க்கு?”